புத்தகத்துக்கு ஆள் தெரியாது

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஐயப்பன்தாங்கல்ல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போரூர்ல இருந்து பஸ் டிப்போ வரைக்கும் மவுன்ட்-பூந்தமல்லி ரோட்டுல வண்டி ஓட்டறது தனிப்பதிவு போடற அளவுக்கு மேட்டர், அதை இப்போதைக்கு விட்டுடறேன். அக்கா காபி போட உள்ளே போனதும் அக்கா பையன் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். பத்தாவது படிக்கிறான். மேஜை மேல கணக்கு நோட்டு. அதுல கணக்கைத் தவிர எல்லாம் இருந்தது. ஒரு பக்கம் முழுக்க 1ல இருந்து 60 வரைக்கும் நம்பர் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரு பேரு. எல்லாம் வெள்ளைக்காரன் பேரு.

"என்னடா இது, யாரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப்போறே?"

"ரூக்கி ரேங்கிங் மாமா. அடுத்த வாரம் டிராஃப்ட்."

கேட்டுக் கேட்டு வாங்கினதுல புரிஞ்சது இவ்வளவுதான். கம்ப்யூட்டர்ல பாஸ்கெட்பால் ஜி.எம்.னு ஒரு விளையாட்டு. பந்தைத் தூக்கிப் போடற விளையாட்டு இல்லை. நீங்க ஒரு டீமோட மேனேஜர். 30 டீம், ஒவ்வொரு டீமுலயும் 15 பேர் வரைக்கும், எல்லாரும் கற்பனை ஆளுங்க. மேட்ச் எல்லாம் கம்ப்யூட்டரே ஆடிக்கும். வருஷா வருஷம் புதுப்பசங்க வருவாங்க, டீம் டீமா வரிசையா அவங்களைப் பொறுக்கணும். இவனும் இவன் கூட்டாளிங்க அஞ்சு பேரும் ஆளுக்கொரு டீம் வச்சிருக்காங்க. லேப்டாப் இவன்கிட்ட இருக்கிறதால இவன்தான் கமிஷனர். ஒவ்வொரு டிராஃப்டுக்கும் முன்னாடி புதுப்பசங்களை வரிசைப்படுத்தி வாட்சப்புல போடறது கமிஷனரோட கடமையாம்.

"ஏன்டா, இல்லாத லீக், இல்லாத ஆளு. அதுல இன்னும் ஒரு மேட்ச் கூட ஆடாதவன். அவனுக்கு ரேங்க் எப்படிடா போடுவே?"

"அதான் மாமா கஷ்டமே"ன்னான்.

அந்த பதில் மண்டையில ஒட்டிக்கிச்சு. வீட்டுக்கு வந்து தோண்ட ஆரம்பிச்சேன். ஒரு மாசம் ஓடிப்போச்சு. தோண்டினதை இங்கே கொட்டறேன், பொறுமை இருக்கிறவங்க தொடரலாம் :-)

முதல்ல ஒரு கொசுவத்தி. நாமளும் கற்பனை லீக் நடத்தினவங்கதான் மக்களே. புக் கிரிக்கெட்! சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்து டக்குனு பிரிக்கணும், இரட்டைப்படைப் பக்கத்து எண்ணோட கடைசி இலக்கம்தான் ரன். 2, 4, 6 அப்படியே. 8 வந்தா சில ஸ்கூல்ல ஒரு ரன், சில ஸ்கூல்ல நோ பால். 0 வந்தா அவுட். நோட்டுல பின்பக்கம் இந்தியா 11, பாகிஸ்தான் 11 எழுதி, அம்பயர், ஸ்கோரர், வர்ணனையாளர் எல்லாம் நாமளே. எங்க லீக்ல நரேந்திர ஹிர்வானி ரெண்டு செஞ்சுரி அடிச்சிருக்கார். நிஜத்துல 17 டெஸ்ட்ல சேர்ந்து 54 ரன் எடுத்தவர் அவர். கவாஸ்கர் முதல் பந்துல முட்டை.

ஏன்னா புத்தகத்துக்கு ஆள் தெரியாது. பிரிக்கிறது கவாஸ்கருக்கா ஹிர்வானிக்கான்னு அதுக்குக் கவலையே இல்லை. அதனால அந்த லீக்ல சீனியரும் இல்லை, ரூக்கியும் இல்லை. எல்லாரும் சமம். இதைவிட நியாயமான விளையாட்டை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. ஆனா போர் அடிச்சிடும், அதுவும் உண்மை.

ஆள் தெரிஞ்ச விளையாட்டு நமக்குன்னு வந்தது டிரம்ப் கார்டு. அட்டையில கிரிக்கெட்காரங்க படம், கீழே ஆடின மேட்ச், ரன், அதிகபட்சம், விக்கெட், கேட்ச். "ரன்!"னு சொல்லி அட்டையைப் போடணும், பெரிய நம்பர்காரன் சின்ன நம்பர் அட்டையை அள்ளிட்டுப் போவான். இதுல ஆள் தெரியும், ஆனா புதுசா வந்தவன் கதி அதோகதி. மேட்ச் 3, ரன் 41. எதைச் சொன்னாலும் தோல்வி. அந்த அட்டை கைக்கு வந்தா மூஞ்சி சுருங்கும். அந்தப் பையன் நாளைக்கு என்ன ஆவான்னு எழுத அட்டையில ஒரு கட்டம் கூட கிடையாது. அவன் நேத்து என்ன பண்ணினான்னு மட்டும்தான் அட்டைக்குத் தெரியும்.

நேத்தை வச்சு நாளைக்கு ரேங்க் போட்டா என்ன ஆகும்? நம்ம சேப்பாக்கத்துலயே பாடம் இருக்கு. 1988 ஜனவரி, பொங்கல் நேரம், வெஸ்ட் இண்டீஸோட டெஸ்ட். அந்த ஒரே மேட்ச்சுல இந்தியாவுக்கு மூணு பேர் அறிமுகம்: ஹிர்வானி, நம்ம டபிள்யூ.வி. ராமன், டெல்லிக்காரர் அஜய் சர்மா. ஹிர்வானி முதல் இன்னிங்ஸ்ல 61 ரன்னுக்கு 8, ரெண்டாவதுல 75 ரன்னுக்கு 8. மொத்தம் 136க்கு 16 விக்கெட். அறிமுக டெஸ்ட்ல இதைவிட நல்ல கணக்கு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் இல்லை. எதிர்ல நின்னது விவியன் ரிச்சர்ட்ஸ் டீம்ங்கிறதை மறந்துடாதீங்க. ராமன் ரெண்டாவது இன்னிங்ஸ்ல 83. சர்மா ரெண்டு இன்னிங்ஸ்லயும் சுமாரா ஆடினார். இந்தியா 255 ரன் வித்தியாசத்துல ஜெயிச்சது.

அன்னிக்கு சாயந்திரம் ஸ்டேடியம் வாசல்ல நின்னு இந்த மூணு பேருக்கும் ரேங்க் போடச் சொல்லியிருந்தா ஐயப்பன்தாங்கல்ல இருந்து ஐரோப்பா வரைக்கும் ஒரே பதில்தான் வந்திருக்கும். ஹிர்வானி 1, ராமன் 2, சர்மா 3. அப்புறம் நடந்தது: ஹிர்வானி மொத்தமா ஆடினது 17 டெஸ்ட், 66 விக்கெட். அதுல 16 அந்த ஒரே மேட்ச்சுல வந்தது. ராமன் 11 டெஸ்ட். அஜய் சர்மாவுக்கு அதுதான் முதல் டெஸ்ட், அதுவேதான் கடைசி. ஆனா அதே சர்மா முதல்தர கிரிக்கெட்ல பத்தாயிரம் ரன்னுக்கு மேல, சராசரி 67க்கு மேல. அந்த சராசரியை வச்சு ஒரு அட்டை போட்டா அவர் பிராட்மேன் தெருவுல குடியிருக்கணும். எந்த நம்பரை எடுக்கறதுங்கிறதுலயே ரேங்க் தலைகீழாப் போகுது பாருங்க.

அடுத்த வருஷம், 1989 நவம்பர், கராச்சி. 16 வயசுப் பையன் ஒருத்தன் அறிமுகம். 15 ரன், வக்கார் யூனிஸ் பந்துல போல்டு. மேட்ச் 1, ரன் 15, அதிகபட்சம் 15. டிரம்ப் கார்டுல அந்த அட்டை வந்திருந்தா நான் மூஞ்சி சுளிச்சிருப்பேன். யாருன்னு சொல்லவேண்டியதில்லை.

இந்த டிரம்ப் கார்டு வியாதிக்கு அமெரிக்காக்காரன் ரொம்ப முன்னாடியே வேற மருந்து கண்டுபிடிச்சிருந்தான். 1951ல பென்சில்வேனியாவுல டிக் சைட்ஸ்ங்கிறவர் ஏ.பி.பி.ஏ.ன்னு ஒரு பேஸ்பால் விளையாட்டை விற்க ஆரம்பிச்சார். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு அட்டை, போன சீசன்ல அவன் நிஜமா ஆடின கணக்குப்படி. பகடையை உருட்டு, வந்த எண்ணை அட்டையில தேடு, அங்கே எழுதியிருக்கறது நடக்கும். நல்ல ஆட்டக்காரன் அட்டையில நல்லது அதிகம், சுமாரானவன் அட்டையில அவுட் அதிகம். 1961ல ஹால் ரிச்மேன் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கும் கிட்டத்தட்ட இதே வழிதான். அந்த விளையாட்டைச் சின்னப்பையனா இருந்தப்பவே யோசிக்க ஆரம்பிச்சவர் அவர். அதாவது நம்ம புக் கிரிக்கெட்டுக்கு முதல் தடவையா ஆள் தெரிய ஆரம்பிச்சது.

ஆனா இங்கேயும் ரூக்கிக்கு இடமில்லை! போன சீசன் கணக்கை வச்சுத்தானே அட்டை. இந்த சீசன்தான் வந்தவனுக்குப் போன சீசன் ஏது? அவன் ஒரு வருஷம் நிஜமா ஆடி முடிக்கணும், அப்புறம்தான் அவனுக்கு அட்டை அச்சாகும். அதுக்குள்ள அவன் புதுசு இல்லை. "அனுபவம் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்"னு போட்டிருக்கிற வேலை விளம்பரம் மாதிரி.

இதுக்கு ஒரே வழி, நிஜத்தை விட்டுட்டு ஆளையும் நாமளே உண்டாக்கறது. எழுத்தாளர் ஜாக் கெரோவாக் சின்ன வயசுல இருந்தே அப்படி ஒரு பேஸ்பால் லீக்கை அட்டைகளை வச்சு நடத்திட்டிருந்தார், கார் கம்பெனி பேரெல்லாம் டீமுக்கு வச்சு. ராபர்ட் கூவர் 1968ல இதையே ஒரு நாவலா எழுதினார். அதுல வர்ற ஹென்றி வா ஒரு கணக்குப்பிள்ளை. 56 வயசு. சமையலறை மேஜையில மூணு பகடையை வச்சுக்கிட்டு ஒரு முழு பேஸ்பால் லீக்கை நடத்திட்டிருக்கார். லீக்கும் 56வது சீசன்ல இருக்கு. ஒரு நாள் டேமன் ரதர்ஃபோர்டுன்னு ஒரு ரூக்கி பந்துவீச்சாளன் எதிர் டீம்ல ஒருத்தனைக்கூட முதல் பேஸைத் தொட விடாம ஒரு ஆட்டத்தை முடிக்கிறான். கணக்குப்பிள்ளைக்குத் தலைகால் புரியலை. அடுத்தாப்புல அவனை மறுபடி ஆட விடறார். அபூர்வ சம்பவங்களுக்குன்னு அவர் தனியா ஒரு பட்டியல் வச்சிருக்கார். பகடையில 1, 1, 1 விழுது. பந்து தலையில பட்டு அந்தப் பையன் செத்துப்போறான்.

உருட்டினது அவரு, சட்டம் எழுதினதும் அவரு. நினைச்சா இன்னொரு தடவை உருட்டியிருக்கலாம், யாரு பார்க்கறா? உருட்டலை. உருட்டினா லீக்கே பொய் ஆயிடும். அதுக்கப்புறம் அவர் பகடையில கை வைக்கிறார், அது வேற விஷயம், கதை கெட்டுடும், சொல்லலை. இந்த இடத்தைப் படிச்சிட்டு ரெண்டு நாள் நான் சரியா இல்லை. இல்லாத ரூக்கிக்காக.

சரி, கூடைப்பந்துக்கு வருவோம். 1891 டிசம்பர்ல ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடையை மாட்டி முதல் ஆட்டம் நடத்தினப்போ பக்கத்துக்கு 9 பேர், ஆக 18 பேரும் ரூக்கி. உலகத்துலயே சீனியர் கிடையாது. முழு ஆட்டத்துக்கும் சேர்த்து விழுந்தது ஒரே ஒரு பந்து. அதே ஸ்பிரிங்ஃபீல்டுல படிச்சவர்தான் ஹாரி குரோ பக். அவர் மெட்ராஸுக்கு வந்து 1920ல ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு நந்தனத்துல இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. நம்ம ஊர் பி.டி. மாஸ்டர்களோட பரம்பரையைத் தோண்டினா எங்கேயாவது அங்கே போய் முட்டும். சென்னைக்கும் பாஸ்கெட்பாலுக்கும் என்ன சம்பந்தம்னு யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க. கூடவே அனிதா பால்துரையையும் சொல்லுங்க. 2001ல இந்திய டீமுக்குள்ள வந்தாங்க, 19 வயசுல கேப்டன், 2021ல பத்மஸ்ரீ. முதல் நாள் அவங்க அட்டையில என்ன எழுதியிருக்க முடியும்?

ரூக்கிக்கு நம்பர் போடறதை ஒரு திருவிழாவாவே ஆக்கினது அமெரிக்க என்.பி.ஏ. முதல் டிராஃப்ட் 1947ல. போன வருஷம் மட்டமா ஆடின டீம் முதல்ல பொறுக்கலாம், நல்லா ஆடினவன் கடைசியில பொறுக்கணும். நம்ம பந்தியில நடக்கறதுக்கு நேர் எதிர். 1966ல இருந்து 1984 வரைக்கும் முதல் ஆளு யாருக்குன்னு ரெண்டு மட்டமான டீமுக்கு நடுவுல நாணயம் சுண்டிப் போட்டாங்க. 85ல இருந்து குலுக்கல். ஆக, ஆளைத் தேர்ந்தெடுக்கறது மூளை, எந்த ஆளைத் தேர்ந்தெடுக்கற வாய்ப்பு வருதுங்கிறது பூவா தலையா.

கடைசியா நாணயம் சுண்டின 1984ஐ எடுத்துக்கோங்க. ஹூஸ்டன் ஜெயிச்சு ஓலாஜுவானை எடுத்தது. சரியான முடிவுதான். ரெண்டாவது போர்ட்லேண்ட், சாம் போவி. மூணாவதா சிகாகோவுக்கு மிச்சமானவர் மைக்கேல் ஜோர்டன். போவியை எடுத்தவங்களை 40 வருஷமா உலகமே கிண்டல் பண்ணுது. ஆனா ஒரு விஷயம். போவி ஏற்கனவே கால் எலும்பு முறிஞ்சு ரெண்டு சீசன் உட்கார்ந்தவர். போர்ட்லேண்ட்ல டாக்டர்கள் காலைத் தட்டித் தட்டி வலிக்குதான்னு கேட்டிருக்காங்க. உள்ளுக்குள்ள வலிச்சும் இல்லைன்னு சொல்லிட்டேன்னு அவரே 2012ல வந்த ஆவணப்படத்துல சொன்னார். ஏழு அடி உயரத்துல ஒரு பையன், குடும்பத்துக்கு நல்ல காலம் பொறக்கிற நேரம். வலிக்குதுன்னு சொல்லுவானா? நான் சொல்லியிருக்கமாட்டேன். ரேங்க் போடறவன் தப்பு மட்டும் இல்லை, ரேங்க் வாங்கறவனும் நம்பரை மறைப்பான்.

அதுக்கப்புறமும் திருந்தலை. 2013ல முதல் ஆளா எடுத்த ஆந்தனி பென்னட் நாலே வருஷத்துல லீக்ல இல்லை. அதே வருஷம் 15வதா போன கிரேக்கப் பையன் யானிஸ் 2019லயும் 2020லயும் லீக்கோட சிறந்த ஆட்டக்காரர். 2014ல 41வதா செர்பியாக்காரர் யோகிச்சைக் கூப்பிட்டப்போ டிவியில விளம்பரம் ஓடிட்டிருந்தது. அந்த ஆளு அந்தப் பட்டத்தை வாங்கினது மூணு தடவை. 2011ல கடைசி இடமான 60ல போனவர் ஐசயா தாமஸ். உயரம் 5 அடி 9 அங்குலம். ரெண்டு வருஷம் ஆல்-ஸ்டார். அக்கா பையன் ரூம்ல அவர் படம்தான் ஒட்டியிருக்கு.

இப்போ கம்ப்யூட்டருக்கு வரேன். ஜெரமி ஷெஃப்ங்கிறவர் 2013 வாக்குல இந்த பாஸ்கெட்பால் ஜி.எம்.மை வெளியிட்டார். காசு இல்லாம பிரவுசர்லயே ஆடலாம், நிரலும் திறந்தே கிடக்கு, யாரும் படிக்கலாம். நான் நேத்து என்ன ஆச்சுங்கிற அட்டையைத் தேடிட்டிருந்தேன் இல்லையா, இதுல ஒவ்வொருத்தனுக்கும் ரெண்டு நம்பர். ஒண்ணு இன்னிக்கு அவன் எவ்வளவு. இன்னொண்ணு அவன் என்ன ஆகலாம். டிரம்ப் கார்டுல இல்லாத அந்தக் கட்டம்! உயரம், வேகம், தாவல், மூணு பாயின்ட் அடிக்கிற திறமைன்னு 15 அளவுகோல் இருக்கு. அந்தப் பையனோட வருங்காலத்தை கம்ப்யூட்டர் தனக்குள்ள பல தடவை வளர்த்துப் பார்த்து அதுல இருந்து அந்த ரெண்டாவது நம்பரைக் கணிக்கிறது ஒரு முறை.

இதுக்கும் மேல ஒண்ணு வச்சிருக்கார் மனுஷன். திரையில தெரியற நம்பர் உண்மையான நம்பர் இல்லை. அது மேல கொஞ்சம் பனிமூட்டம் போர்த்தியிருக்கும். பழைய ஆட்டக்காரன்னா மூட்டம் கம்மி, புதுப்பையன்னா ஜாஸ்தி. ஆளு தேடற இலாகாவுக்கு அதிகமா செலவு பண்ணினா கொஞ்சம் விலகும், முழுசா விலகாது. 70ன்னு காட்டறவன் நிஜத்துல 64ஆ இருக்கலாம், 75ஆவும் இருக்கலாம். எழுதின கம்ப்யூட்டருக்கு உண்மை தெரியும், நம்மகிட்ட சொல்லாது. சாம் போவி டாக்டர்கிட்ட சொல்லாத மாதிரி. இதைப் படிச்சப்போ எனக்குச் சட்டுனு ஒரு மரியாதை வந்தது. தனக்குத் தெரிஞ்சதை வேணும்னே மங்கலாக் காட்டற ஒரு மார்க் ஷீட்டை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததில்லை. நமக்கு வாய்ச்ச மார்க் ஷீட் எல்லாம் 487னா 487தான்.

நடுவுல காசு விஷயம் ஒண்ணு இருக்கு, சுருக்கமா முடிச்சிடறேன். கிரிக்கெட் புள்ளிவிவரத்தை உலகத்துக்கே இலவசமாத் திறந்துவிட்டது 1993ல பிறந்த கிரிக்இன்ஃபோ, அதை வளர்த்தவங்கள்ல ஒருத்தர் நம்ம சக பதிவர் பத்ரி சேஷாத்ரின்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புள்ளிவிவரம் கைக்கு வந்ததும் கற்பனை டீம் வந்தது. 2008ல ஆரம்பிச்ச டிரீம்11 அதுல காசையும் சேர்த்தது. 100 கிரெடிட்டுக்குள்ள 11 பேர். புதுமுகம்னா விலை கம்மி, அவனைச் சரியா மோப்பம் பிடிச்சவன் கெட்டிக்காரன். இது திறமையா சூதாட்டமான்னு கோர்ட் கோர்ட்டா அலைஞ்சதுல எல்லாரும் தூக்கிக் காட்டினது நம்ம கிண்டி வழக்கு. 1996ல சுப்ரீம் கோர்ட் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்ததுன்னு சொன்ன தீர்ப்பு. கடைசியில 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு காசு வச்சு ஆடற ஆன்லைன் விளையாட்டுக்கே தடை போட்டு சட்டம் கொண்டுவந்துடுச்சு, டிரீம்11உம் காசுப் போட்டிகளை நிறுத்திடுச்சு. எனக்கு இதுல வருத்தம் ஒண்ணும் இல்லை. காசு வச்சவனுக்கு ரூக்கி ஜெயிச்சா போதும். அவன் யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு அவசியம் இல்லை.

இப்போ இந்தப் பதிவை எழுத வச்ச விஷயம்.

2015 ஜூன் 25. நியூயார்க்ல என்.பி.ஏ. டிராஃப்ட். 52வது பேரை வாசிச்சாங்க: சத்நாம் சிங். பஞ்சாப்ல பல்லோ கே கிராமம், விவசாயக் குடும்பம், 7 அடி 2 அங்குலம், 19 வயசு. லூதியானா அகாடமியில கத்துக்கிட்டு 2010ல ஃபுளோரிடாவுக்குப் படிக்கப் போனவர். டல்லாஸ் மேவரிக்ஸ் எடுத்தது. இந்தியாவுல பிறந்து என்.பி.ஏ. டிராஃப்ட்ல தேர்வான முதல் ஆள். 120 கோடிக்கு மேல ஜனம், 60 இடம், அதுல ஒண்ணு. அன்னிக்கு நம்ம ஊர் பேப்பர்ல எல்லாம் படம் வந்தது.

அப்புறம்? டல்லாஸோட கிளை டீமான டெக்சஸ் லெஜண்ட்ஸ்ல ரெண்டு சீசன். என்.பி.ஏ.வுல ஒரு மேட்ச் கூட ஆடலை. பின்னாடி கனடா லீக்ல கொஞ்ச நாள். 2022ல அமெரிக்காவுல மல்யுத்த மேடையில ஏறினார். டிரம்ப் கார்டு போட்டா மேட்ச் 0, பாயின்ட் 0. ஆனா அந்த 52 மட்டும் அழியாது. அதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு எனக்குத் தெரியலை.

அக்கா பையனுக்கு இந்தக் கதை முழுக்க மனப்பாடம். ஏன்னு போன வாரம்தான் தெரிஞ்சது. ஜூன்ல இவன் படிக்கிற ஸ்கூல்ல பாஸ்கெட்பால் டீமுக்கு செலக்‌ஷன் நடந்திருக்கு. வந்தவங்களை உயரவாரியா நிக்க வச்சு முதல் 12 பேரை எண்ணி எடுத்துட்டு மத்தவங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. இவன் உயரம் 5 அடி 4. கையில பந்தே வரலை. அக்காகிட்ட கூட சொல்லலை. "பந்தைத் தொட்டுட்டுத் தோத்திருந்தா பரவாயில்ல மாமா"ன்னு மட்டும் சொன்னான். 5 அடி 3 அங்குலத்துல மக்ஸி போக்ஸ்னு ஒருத்தர் 1987ல 12வது ஆளா டிராஃப்ட் ஆனார்டான்னு ஆறுதல் சொல்லப் பார்த்தேன். தெரியும்னான்.

அந்தக் கோபத்துல அவன் ஒரு காரியம் பண்ணியிருக்கான். விளையாட்டுல கமிஷனருக்கு ஆளை உருவாக்கற வசதி இருக்கு. இந்த வருஷ ரூக்கி பட்டியல்ல தன் பேரையே சேர்த்துட்டான். சரி, பையன் தன்னை ஜோர்டனா ஆக்கிக்கிட்டான்னு நினைச்சேன். வயசை மட்டும் 19ன்னு கூட்டியிருந்தான். உயரத்துக்கு நேரா 0 போட்டிருந்தான். "5 அடி 4க்கு இதுல நியாயமா அதுதான் வரும்." வேகம் சுமார். தாவல் கம்மி. ஃப்ரீ த்ரோவுக்கு மட்டும் என்ன போடறதுன்னு தெரியாம காலியா விட்டிருந்தான்.

சனிக்கிழமை சாயந்திரம் அவங்க அபார்ட்மென்ட் பின்னாடி இருக்கிற ஒரே ஒரு போஸ்ட்டுக்குப் போனோம். வலை கிழிஞ்சு தொங்கிட்டிருக்கு, தரையில கோடு எல்லாம் அழிஞ்சு போச்சு. அவனே அடி எண்ணி செங்கல் துண்டால கோடு போட்டான். 50 தடவை போட்டான், நான் எண்ணினேன். 31 விழுந்தது. முப்பத்திரண்டாவது ஒண்ணு வளையத்துல மூணு சுத்து சுத்தி வெளியே போச்சு. "இன்னொண்ணு போட்டுக்கோடா, நான் எண்ணலை"ன்னேன். வேண்டாம்னுட்டான். வீட்டுக்கு வந்து அந்தக் கணக்குக்கு ஏத்த மாதிரி ஒரு நம்பரைப் போட்டான்.

ராத்திரி ரேங்கிங் முழுசா வாட்சப்புல வந்தது. என்னையும் குழுவுல சேர்த்துட்டான். படிப்புன்னு சொல்லி ஒரு பையன் விலகிட்டதால அவன் டீமை இந்த சீசன் நடுவுல என் தலையில கட்டினாங்க, 7வது இடத்துல முடிச்சேன். பட்டியல்ல அவன் பேரைத் தேடினேன். 57ல இருந்தது.

ஃபோன் பண்ணினேன். "ஏன்டா 57? உன் நம்பருக்கு 60க்குள்ளயே வரமாட்டேன்னு நீதானே சொன்னே? சேர்க்கறதுன்னு ஆச்சு, ஒரு 50ல போட்டுக்க வேண்டியதுதானே?"

"60க்குள்ள போட்டதே கொஞ்சம் ஏமாத்துதான் மாமா. 52க்கு மேல போனா ரொம்ப ஓவர்."

நாளைக்கு ஞாயித்துக்கிழமை, சாயந்திரம் 6 மணிக்கு டிராஃப்ட். 7வதா முடிச்ச டீமுக்கு ரெண்டாவது சுற்றுல வர்றது 54வது பிக். என் டீமுக்கு உயரமா ஒரு ஆள் அவசரமாத் தேவை, அந்த நேரத்துக்கு ரெண்டு மூணு பேர் மிச்சமும் இருப்பாங்க. யாரை எடுக்கப்போறேன்னு அவன்கிட்ட இன்னும் சொல்லலை.